சாவிக்கொத்தோடு சேர்த்து

பத்திரத்தில் நான்கு எல்லையும் சரியாக இருக்கின்றன, தணிகைவேல்.
இது அதில் இல்லாதது.

மாசி பிறக்கும்வரை பெயிண்டரை உள்ளே விடாதீர்கள்.
ஐப்பசியில் கோத்தகிரிச் சுவர் குடித்த தண்ணீர்
தைப் பனியிலும் இறங்காது.
அதன்மேல் எமல்ஷன் பூசினால்
இரண்டே மாதத்தில் அப்பளம்.
கிழக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு போதும்.
மழை அந்தப் பக்கம்தான் அறையும்.

பின்னால் தாங்குசுவரில் பதினான்கு குழாய் ஓட்டைகள்.
அடைத்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று
திருப்பூரிலிருந்து வரும் மேஸ்திரி சொல்வார்.
ஆவணி முடிவதற்குள் ஒரு கம்பி எடுத்து
நீங்களே ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள்.
மலை தன் தண்ணீரை எங்காவது விட்டாக வேண்டும்.
வழி இல்லையென்றால்
சுவரையும் கூட்டிக்கொண்டு வரும்.

தகரம் ஒழுகினால்
வாளி வைத்த இடத்துக்கு நேர்மேலே தேடாதீர்கள்.
சரிவில் மூன்று முழம் ஏறிப் பாருங்கள்,
அங்கே ஓர் ஆணிக்கடியில் ரப்பர் வாஷர் வெடித்திருக்கும்.
வாஷரின் விலை இரண்டு ரூபாய்.
இரண்டு ரூபாய்க்காக நான் ஒரு சீலிங்கையே மாற்றியிருக்கிறேன்.

குளியலறைக்குக் கேஸ் கீசர் கேட்பார்கள்.
முடியாது என்று சொல்லுங்கள், வாடகை குறைந்தாலும்.
குளிருக்குப் பயந்து
ஜன்னல் இடுக்கில் துணி திணிப்பார்கள்.
மீதியை நான் எழுத வேண்டாம்.

தொட்டி மூடிமேல் கல் போதாது, குரங்குக்கு அது விளையாட்டு.
பூட்டு போடுங்கள்.
எண்ணெய்ப் பாட்டிலைப் பின்வாசலில் வைத்தால் கரடி வரும்.
இதைச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.
ஒருமுறைதான் சிரிப்பார்கள்.

இரண்டாம் வீட்டுப் போஜன்
பாதி வாடகையை ஐந்தாம் தேதியும்
மீதியை இலைக்காசு வந்த பிறகும் தருவார்.
ஒரே தேதி கேட்டு நெருக்காதீர்கள்,
பதினோரு வருஷத்தில் தவறியதில்லை.
மூன்றாம் வீட்டில் சுபோத்தும் மூன்று பேரும்,
டீ பேக்டரியில் இரவு ஷிஃப்ட்.
ரசீது கேட்க மாட்டார்கள். கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒன்பதாவது வரி
அடிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.
'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.'
என் கையெழுத்து, அடித்ததும் நான்தான்.

நாலாம் வீட்டில் எமிலியா என்று ஒரு நர்ஸ், ஆறு வருஷம்.
காலி செய்த அன்று
டார்ச் பிடித்துச் சுவர் சுவராகப் பார்த்தேன்.
ஒரு துளை இல்லை.
அட்வான்ஸில் நூறு ரூபாய் பிடிக்கக்கூட வழியில்லை.
ஈரம் ஏறிக் கறுத்த சுவரில்
தரையை ஒட்டி, கணுக்கால் உயரத்தில்
ஒரு சதுரம் மட்டும் வெளுத்திருந்தது.
இது என்ன என்றேன்.
"அவர் போட்டோ, சாத்தி வெச்சிருந்தேன்.
நீங்கதான் ஆணி..."
ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டாள்.
மாலை தரையில் புரளாமலிருக்க
அவள் சட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நூல்
அந்த மூலையில் கிடந்தது.

அடுத்த வாரம் சில்வர் ஓக் ரீப்பர் வாங்கி
நான்கு வீட்டிலும், தலைக்கு ஒரு சாண் மேலே,
சுவரைச் சுற்றி அடித்தேன்.
கூலியோடு பதினோராயிரம்.
அதில் யார் எதை மாட்டினாலும் காரை உதிராது,
சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளியே தொங்குவதால்
நவம்பரிலும் காலண்டர் நனையாது.
உங்கள் வீட்டம்மாவுக்குப் பழைய மாடலாகத் தோன்றலாம்.
வேண்டிய வண்ணம் அடித்துக்கொள்ளுங்கள்,
கழற்றாதீர்கள்.

பித்தளைச் சாவி மெயின் கேட்டுக்கு.
கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திருப்ப வேண்டும்.
தண்ணீர் செவ்வாயும் வெள்ளியும், காலை ஐந்தரைக்கு,
வால்வு ரோஜாச் செடிக்குப் பின்னால்.
இனி நான் எழுந்திருக்க வேண்டியதில்லை.

இன்று வெள்ளி.
எழுந்துவிட்டேன்.