வெள்ளிக்கிழமை அழைப்பு

செத்துச்சாம்மா?
தீர்த்தகிரி அண்ணன் கேட்பது இதை மட்டும்தான்.
வெள்ளிக்கிழமை, ஜவ்வரிசி மில்லில் ஷிப்ட் மாறும் நேரம்.
பின்னால் சல்லடை இரைந்துகொண்டிருக்கும்.

ஜனவரியில் அவர் குடலில் அறுத்ததில்
கடுகளவு எனக்கு வந்தது.
கையெழுத்துப் போடும்போது கேட்டார்:
என் பேரை எழுதி வைப்பீங்களா?
எண்தான் என்றேன்.
நாற்பத்தொன்று.

அஸ்தம்பட்டி மாடியறையில்
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
நாற்பத்தொன்று சௌக்கியமாக இருக்கிறது.
இரண்டு நாளில் இரட்டிக்கிறது.
கொல்லப்போவதை உயிரோடு வைத்திருக்க
கரண்ட் போன ஓர் இரவு, பதினொன்றரைக்கு,
ஐந்து ரோடு வரை டீசல் கேனோடு ஓடியிருக்கிறேன்.

செல்லின் தோலில் இறப்பு ஏற்பி என்று ஒன்று உண்டு.
வாசலில் மணி, உள்ளே அதன் ஒயர்.
ஒரு விரல் அழுத்தினால் கேட்காது.
மூன்று மணி நெருங்கி நின்று ஒன்றாய் அடிக்கவேண்டும்.
அடித்தால் செல் கத்தாது;
தன் சாமான்களைத் தானே மூட்டை கட்டி
அக்கம்பக்கத்துக்குத் தின்னக் கொடுத்துவிட்டுப் போகும்.
கருவில் நம் விரல்கள் பிரிந்தது
நடுவில் இருந்தவை இப்படிப் போனதால்தான்.

நாற்பத்தொன்று கெட்டிக்காரன்.
ஒயரே இல்லாத மணிகளை
வாசலெங்கும் பதித்து வைத்திருக்கிறான்.
என் மருந்து அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு
வீட்டில் ஆளில்லை என்று திரும்புகிறது.

மார்ச்சில் நூற்றுக்கு நான்கு.
ஏப்ரலிலும் நான்கு.
மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊரே ஏற்காடு ஏற,
பதினெட்டாவது வளைவில் வண்டிகள் நகராமல் நின்றன.
பேனட்மேல் ஒரு குரங்கு எங்கள் சிப்ஸைக் கிழித்துக்கொண்டிருந்தது.
ஷாகிரா சொன்னாள்:
மூன்றையும் ஒரே காம்பில் கட்டி அனுப்பினால்?

கட்ட எட்டு மாதம்.
நேற்று விடியுமுன் மைக்ராஸ்கோப்பில்
செல்லின் விளிம்பெல்லாம் கொப்புளம் கொப்புளமாய்,
கொதிக்கிற ஜவ்வரிசி.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
நூற்றுக்கு முப்பத்தொன்பது.
மிச்சம் அறுபத்தொன்று சும்மா இருந்தன.

செத்துச்சாம்மா?

கொஞ்சம் செத்துச்சுண்ணே.
ஆனா இது தட்டுல இருக்கறது.
உங்க உடம்புக்குள்ள போக இன்னும் எத்தனையோ வருஷம்,
எலி, அப்புறம்...

சல்லடை நின்றுவிட்டது அங்கே.
எங்க செத்தா என்னம்மா,
செத்தது என்னோடதுதானே.

இருமினார்.
திங்கக்கிழமை ஈரலுக்கு ஸ்கேன் என்றார்,
மழை வருமா என்று கேட்கிற குரலில்.

போனை வைத்துவிட்டு
நாற்பத்தொன்றுக்குத் தீனி மாற்றப் போனேன்.