முகவரி தெரிந்தவன்

பொம்மைவெளியில் என் மோட்டார் சைக்கிளின் சத்தம்
நாய்களுக்கும் பாடம்.
ஒழுங்கை திரும்ப முன்னமே
ரேடியோ நிற்கும், படலை சாத்தும்,
ஒரு பிள்ளை வந்து சொல்லும்:
"அப்பா இல்லையாம்."

லீசிங் கொம்பனியில் எட்டு வருசம்.
ஓட்டோவுக்கும் தையல் மெசினுக்கும் எடுத்து
தவணை பிந்தியவர்களை
வீட்டு இலக்கத்தோடு சொல்லுவேன்.
எந்த வீட்டுக்குப் பின்வழி உண்டு,
எந்த வேலியில் ஒரு தகரம் கழரும்,
எந்த உள்ளறையில் நடக்கமாட்டாத ஒருவரைக் கிடத்தியிருக்கிறார்கள்,
அவரைக் காட்டி எந்தக் கிழமை அழுவார்கள்.

கார்த்திகைக் கடைசி. மூன்று நாள் விடாத மழை.
நாவாந்துறையிலிருந்து அருள்சீலன்
தன் பைபர் படகை லொறியில் கொண்டுவந்து
வீதியில் இறக்கினான்.
வீதியில்தான்.

ஏறினோம்: ஒரு பல் வைத்தியர்,
ரியூட்டரியில் கணக்கு படிப்பிக்கும் டிலக்சன்,
தபால் கந்தோர் சகாயராணி, நான்.
கிராம சேவகரின் தாளில் இருநூற்றுச் சொச்சக் குடும்பம்.
கரண்ட் இல்லை. ஒழுங்கையும் இல்லை.
"இனி எங்கால?" என்றான் அருள்சீலன்.

எனக்குத் தெரிந்திருந்தது.
"முருங்கையில இருந்து மூண்டாவது. பின்னறையில ஒராள் படுக்கை.
இடப்பக்கம் விடு, கிணத்துக்கட்டு நிக்குது, பாத்து."
அந்தக் கட்டில் குந்தியிருந்து
எத்தனை பின்னேரம் காத்திருப்பேன்.
சகாயராணி கேட்டாள்:
"உங்கட சொந்தக்காரரோ?"

ஜெயசோதி வீட்டில் மேசைக்கு மேல் கட்டில்,
கட்டிலுக்கு மேல் பிள்ளை.
டோர்ச் வெளிச்சத்தில் என் முகத்தைக் கண்டதும்
பல் கிடுகிடுக்கச் சொன்னது:
"அப்பா இல்லையாம்."

"அப்பாட்ட வரேல்லையம்மா. உன்னட்டத்தான் வந்தனான்."

வளையிலிருந்து இரண்டு கால்கள் இறங்கின.
தண்ணீருக்குப் பயந்து ஏறினாரா, எனக்கா?
நான் கேட்கவில்லை.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது போன்.
பொலித்தீன் பையோடு காதில் வைத்தேன்.
"தம்பி, மாதமுடிவு. இலக்கில அறுபத்திரண்டு வீதம்தான்.
உமக்கு லீவும் இல்லை."
இருந்தது. பதினாலில் அரை நாள்.
முல்லைத்தீவு வெள்ளத்துக்கு ஐந்து,
மன்னாருக்கு நாலரை,
மகன் பிறந்ததற்கு இரண்டு,
மகனுக்குக் காய்ச்சல் என்று இரண்டு,
அதில் ஒன்று பொய்.
'காரணம்' என்ற கோட்டில்
எல்லாவற்றுக்கும் 'சொந்த அலுவல்' என்றே எழுதினேன்.
மேனேச்சர் கெட்டவர் இல்லை.
அடுத்த நாள் நூறு இறாத்தல் பாண் அனுப்பினார்,
ஒவ்வொன்றிலும் கொம்பனிப் பெயர் ஒட்டி.
பசியோடு சிலர் அதை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட மண்டபம். நான் பருப்பு பரிமாறினேன்.
வரிசையில் தலை குனிந்து வந்தவர்கள்
தட்டை மட்டும் நீட்டினார்கள்.
ஜெயசோதி மட்டும் நின்று,
ஈர முடிச்சை அவிழ்த்து,
ஒட்டிப்போன ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டினாள்.
"இந்தாங்கோ தம்பி, இந்த மாதத்தில கொஞ்சம்."
அகப்பையை மற்றக் கைக்கு மாற்றத் தெரியாமல்
நின்றேன்.
பின்னால் யாரோ "கெதியா விடுங்கோ" என்றார்கள்.
"ரசீது இல்லை, அக்கா."
அவ்வளவுதான் சொல்ல வந்தது.

வெள்ளம் வடிந்தது.
பிளக் மாற்றி, கார்பரேற்றர் கழுவி,
திங்கட்கிழமை
அதே சேட்டு, அதே அட்டை.
ஒழுங்கையில் சேறு, காயப்போட்ட புத்தகங்கள், செத்த கோழி மணம்.
நாய் குரைக்கவில்லை; வாலாட்டிக்கொண்டு பின்னால் வந்தது.
ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது.
படலை திறந்தபடி.

பிள்ளை ஓடிவந்து, சிரித்துச் சொன்னது:
"அப்பா நிக்கிறார்! வாங்கோ!"
உள்ளே யாரோ கதிரை துடைக்கும் சத்தம்.

பையில் ரசீதுப் புத்தகம்.
இல்லை என்று சொல்லு பிள்ளை,
இன்றைக்கு ஒருதரம்
இல்லை என்று சொல்லு.