கயிற்றின் மறுமுனை

யார்க்‌ஷயரில், மால்ட்டன் ஊருக்கு வெளியே
பழைய தீவனக் கிடங்கில் என் பட்டறை.
வியாழக்கிழமை ஏலம். இன்று செவ்வாய்.
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது
இருநூற்று அறுபது வருஷத்துக் குதிரை.

சட்டத்தில் பித்தளைத் தகடு:
‘திரு. எதெல்பர்ட் த்ரப், தம் குதிரையுடன்.’
சிவப்புக் கோட்டு. தொப்பை.
பிடரிமேல் ஐந்து விரல்,
கடன்பத்திரத்தில் வைத்த கைநாட்டு மாதிரி.

ஊடுகதிரில் பார்த்தால்
த்ரப்பின் வயிற்றுக்குள் இன்னொருவர் நிற்கிறார்.
ஒல்லி. பொய்முடி. வாளுறை.
வென்லாக் பிரபுவாக இருக்க வேண்டும்,
மழை இரவொன்றில் சீட்டாடிக்
குதிரையைத் தோற்றவர்.
ஜெயித்தவர் படத்தையும் சேர்த்தே கேட்டாராம்.
ஏழு கினி கொடுத்துத்
தோற்றவர்மேல் தன்னைப் பூசச் சொன்னாராம்.

அவருக்கும் அடியில் ஒரு பாவாடை விளிம்பு.
முகத்தைச் சுரண்டிவிட்டார்கள்.
கையுறை மட்டும் மிச்சம்.
அந்தக் கையும் பிடரியில்தான்.

குதிரையும் தப்பவில்லை.
த்ரப்பிடம் வந்து இரண்டே பந்தயம்; கால் ஒடிந்தது.
அடுத்து வாங்கியது செம்பழுப்பு.
புதுப்படத்துக்கு எதற்குச் செலவு என்று
சாம்பல்மேல் செம்பழுப்பு அடித்து
நாலு காலுக்கும் வெள்ளைச் சாக்ஸ் மாட்டிவிட்டார்.
பஞ்சுமுனையால் துடைக்கத் துடைக்க
விலாவில் சாம்பல் வருகிறது,
முதல் தூறல் விழுந்த மண்ணாட்டம்.

கயிறு பிடித்தவன் மட்டும்
எல்லாப் பூச்சுக்கும் அடியில் ஒரே ஆள்.
அவனைத் திருத்த யாரும் காசு கொடுக்கவில்லை.
லாயக் கணக்கைப் புரட்டினேன்:
ஓட்ஸ், வைக்கோல், தைலம்,
பர்க்கெட்டுக்கு இரண்டு ஷில்லிங்,
எலிப்பொறி ஒன்று.
இவன்தான் பர்க்கெட்டா, தெரியாது.
கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறது,
குளம்பு மிதித்த நகம்.
வரையச் சொல்லி எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
குதிரையின் இடது காது அவன் பக்கம் திரும்பியிருக்கிறது,
சாம்பலாக இருந்தபோதும்.

மத்தியானம் லண்டனிலிருந்து ஒரு தரகர்.
வாங்கப்போகிறவருக்கும் குதிரை உண்டாம்,
இருபதில் ஒரு பங்கு.
(கணக்குப் போட்டேன்: வாலும் கொஞ்சம் தொடையும்.)
ஆட்கள் வேண்டாமாம். குதிரை போதுமாம்.
சோபாவுக்கு மேலே மாட்ட.

த்ரப்பை எடுக்கலாம், கரைப்பானுக்கு இளகுவார்.
வென்லாக் அதைவிடச் சுலபம் என்றேன்.
‘அந்த லாயக்காரன்?’
அவன் முதல் பூச்சு.
குதிரைக்கும் முன்னால் காய்ந்தவன்.
எடுத்தால் வெறும் துணி தெரியும்,
கயிறு காற்றில் நிற்கும்.

‘கயிற்றையும் எடுங்களேன்.’

மதிப்பீடு அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன்.
இன்னும் அனுப்பவில்லை.
நாலு மணிக்கே இருட்டுகிறது.
ஜன்னலுக்கு வெளியே ஈரத்தோடு திரும்புகின்றன
பயிற்சிக் குதிரைகள்,
போர்வைகளில் யார் யாரோ முதலெழுத்துகள்.
கடைசிக் கயிற்றைப் பிடித்து வருகிறவள்
எதையோ திட்டிக்கொண்டே
முழங்கையில் மூக்கைத் துடைக்கிறாள்.