ஓர் உயிரெழுத்து

வெல்வாவில் எனக்கு முதலில் கிடைத்தவை
வினைச்சொற்கள்தாம்.
பெயர்ச்சொற்களுக்கு நேரமில்லை.

பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் காலை எட்டுக்கே வியர்வை.
ஸ்ட்ராபெரி வரிசைகளுக்கு நடுவே நடந்தபடி அன்செல்மோ சொல்வான்:
கோர்த்தா. காம்பை நகத்தால் கிள்ளினேன்.
யேனா. பெட்டியை நிரப்பினேன்.
சூபே என்றால் பேருந்தில் ஏறு.
கோர்ரே என்றால்
இவை எல்லாவற்றையும் ஓடிக்கொண்டே செய்.

இரவில் டீத்தூள் அட்டையைக் கிழித்து
இத்தோ எழுதிக் காட்டினாள்:
"எல்லா வினைக்கும் கடைசியில் ஒரு 'ர்' வால்.
நறுக்கிவிடு. கட்டளை தயார்."
கோர்த்தார், கோர்த்தா.
கோர்ரேர், கோர்ரே.
சூபீர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்து, சூபே.
வாலோடு வேறு ஏதோவும் போய்விட்டது போலிருந்தது.
விளக்கை அணைக்கப் போனவள் நின்றாள்.
"'அவள் வெட்டுகிறாள்' என்பதற்கும்
இதே கோர்த்தாதான்."

தூக்கம் வரவில்லை.
அப்படியானால் அவன் என்னை ஏவுகிறானா,
இல்லை, என்னைப் பார்த்து
வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறானா?
தூரியா கோர்த்தா. தூரியா யேனா.
கீழ்ப்படியக்கூட இடைவெளி இல்லை;
அவன் வாய் மூடுவதற்குள்
அந்தச் சொல்லாகவே நான் குனிந்திருந்தேன்.

மார்ச்சில் இருமல்.
மொகேர் சுகாதார நிலையத்தில் என் வயதே இருக்கும் மருத்துவர்,
குழலை முதுகில் வைக்கும் முன்
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினார்.
ரெஸ்பீரே.
நான் மூச்சு விடவில்லை.
ரெஸ்பீரா அல்லவா? வெளியூர்க்காரரோ?
தோசா, என்றார் அடுத்து. தோசே இல்லை, தோசா.
ஆ இருக்க வேண்டிய இடத்தில் ஏ.
ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஆ.
யாரோ நாற்காலிகளை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

இத்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"அட அசடே, 'மூச்சு விடுங்கள்' என்றிருக்கிறார்!
நீங்கள் என்று வந்தால் உயிரெழுத்து இடம் மாறும்."

ஓர் எழுத்து.
எத்தனை பெட்டி நிரப்பியிருப்பேன்,
அது இந்த மொழியில் இருப்பதே தெரியாமல்.
மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கும்போதெல்லாம்
சொல்லிப் பார்த்தேன்:
கோர்த்தே. யேனே. கோர்ரா. சூபா.
நாக்கு கூசியது.

சனிக்கிழமை மழை.
இத்தோ சேற்றில் எங்கோ பின்தங்கிவிட்டாள்.
படியில் நின்ற அன்செல்மோ ஓட்டுநரிடம்,
ஆர்ராங்கா, என்றான். கிளப்பு.
கதவிடுக்கில் என் கை இருந்தது.

எஸ்பேரே, என்றேன்.

அந்த மொழியில் நான் இட்ட முதல் கட்டளை.
அன்செல்மோ திரும்பி
என் முகத்தை அல்ல, வாயைப் பார்த்தான்.
வண்டி உறுமிக்கொண்டே நின்றது.
மழைக்குள்ளிருந்து இத்தோ வந்தாள்,
ஒரு காலில் மட்டும் பூட்ஸ்.