எல்லோரும் என்றால் யார்

மணிக்கு நூற்றைம்பது ஷில்லிங்.
சிற்றுண்டிக் கூடத்துக்கு மேல் மாடி,
இரண்டு மேசை, ஒரு மின்விசிறி,
கதவில் 'எழுத்து உதவி அறை' என்ற அட்டை.
சிவப்புப் பேனா கூடாது என்பது விதி.
பென்சில் மட்டும். அதுவும் ஓரத்தில் மட்டும்.

நான்காம் ஆண்டுக்காரன் நான்,
இரண்டாம் ஆண்டுக்காரர்களின் வாக்கியங்களைப் படிக்கிறேன்.
கீழே சப்பாத்தி புரளும் வாசனையில்
எந்த வாதமும் கொஞ்சம் நியாயமாகவே தோன்றும்.

நெரீமா கொண்டுவந்த கட்டுரை இப்படித் தொடங்கியது:
'எல்லோரும் அறிந்தபடி
ஆகாயத்தாமரை ஏரியின் மீன்களை அழித்துவிட்டது.
ஆகவே அதை ஒழிக்க வேண்டும்.'
பதினொரு பக்கம். மூன்று வரைபடம்.
ஓரத்தில் ஒரே சொல் எழுதினேன்:
யார்?

அவளுக்குக் கோபம் வந்தது.
"கிசுமுவில் யாரை வேண்டுமானாலும் கேள்."
"நீ கேட்டாயா?"
மின்சாரம் ஒரு கணம் போய்
மறுபடி வந்தது.
தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் வரவில்லை.
அதற்கடுத்த வாரமும்.
என்மீது புகார் போயிருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம்
செருப்பில் சேறு காயாமல் வந்து நின்றாள்.
நான்கு விடியல் மீன்துறையில் நின்றிருக்கிறாள்.
ரசீதுப் புத்தகத்தின் முதுகில் கோடு போட்டுக்
கூடைகளை எண்ணியிருக்கிறாள்.

படகுக்காரர் ஒபுரா சொன்னாராம்:
மீனெல்லாம் செத்தாயிற்று.
மீன் விற்கும் அதியம்போ சொன்னாளாம்:
எங்கே செத்தது? ஜிலேபிக் கெண்டைதான் குறைவு,
தாமரை வேரடியில் கெளுத்தி கொழுத்துக் கிடக்கிறது,
படகு உள்ளே போகத்தான் வழியில்லை.
வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னாராம்:
சர்க்கரை ஆலைக் குழாயைப் போய்ப் பார்.
என் பெயரை எழுதாதே என்றும் சொன்னாராம்.

இத்தனை 'ஆம்'.
கேள்விப்பட்ட 'ஆம்' வேறு,
ஒப்புக்கொள்கிற 'ஆம்' வேறு.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில்
ஒரு தேதி, ஒரு முகம்,
இவர் ஏன் இதைச் சொல்கிறார் என்று ஒரு குறிப்பு.
தாமரை அள்ளும் ஒப்பந்தம்
ஒபுராவின் மைத்துனருக்கு வரப்போகிறது.
அதியம்போ விற்பதே கெளுத்திதான்.
இதையெல்லாம் அவளே எழுதியிருந்தாள்,
பென்சிலில், ஓரத்தில்.

பதினொரு பக்கம் ஆறாகியிருந்தது.
வரைபடம் ஒன்றுதான், அதுவும் கையால் போட்டது.
முதல் பத்தி:
'ஒரு துறையில், நான் நின்ற நான்கு காலைகளில்,
கெண்டை ஒன்பது கூடை, கெளுத்தி இருபத்து மூன்று.
மீன் அழிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.
படகு போக முடியவில்லை என்பதைப் பார்த்தேன்.'

'ஆகவே' இல்லை.
சின்ன வாக்கியங்கள்தான்,
ஆனால் ஆடாத நாற்காலி மாதிரி
உட்கார்ந்து பார்க்கலாம்.

நன்றாக வந்திருக்கிறது என்றேன்.
அவள் பழைய பிரதியை எடுத்து
ஏழாம் பக்கத்தைத் திருப்பினாள்.
அன்று நான் எழுதிய குறிப்பு:
'நல்ல கட்டுரைக்கு உறுதியான முடிவு வேண்டும்.'
அதன் கீழே அவள் கையெழுத்து:
யார்?

வாயெடுத்தேன்.
முதலாண்டில் விரிவுரையாளர் வஃபூலா சொன்னது.
அவருக்குக் கையேடு சொன்னது.
கையேட்டுக்கு?
எல்லோரும் சொல்வதுதானே என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.

கீழே யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள்.
கைதட்டல் கேட்டது.
மணி ஐந்து.
பதிவேட்டில் 'உதவி பெற்றவர்' என்ற கட்டத்தில்
யார் பெயரைப் போடுவது என்று கொஞ்சம் யோசித்தேன்.
பிறகு அவள் பெயரையே எழுதினேன்.
அப்போதுதான் பணம் வரும்.

படியில் பாதி இறங்கியவள் திரும்பினாள்.
"ஆலைப் பக்கம் போகிற வேன் எத்தனை மணிக்கு?"
"காலை ஆறரைக்கு."
"தெரியுமா, கேள்விப்பட்டதா?"