பூனை மணல்

மலாக்கியிடம் பூனை இல்லை.
எனக்குத் தெரியும்,
அவன் நாய்க்குத் தீனி என் கடையில்தான் வாங்குகிறான்.
ஆனாலும் செவ்வாய்தோறும்
வேனைப் பின்வாசலில் ஒட்டி நிறுத்தி
பூனை மணல் கேட்பான்,
நாற்பது மூட்டை, ரொக்கமாய்.

"பெயர் என்ன வைத்தாய்?" என்றேன் ஒருமுறை.
"எதற்கு?"
"பூனைக்கு."
மீதிச் சில்லறையை எண்ணுவதுபோல்
குனிந்துகொண்டான்.

எங்கள் ஊர் கார்னாஹில்.
எல்லைக்கோடு டோனலியின் மாட்டுக்கொட்டகையைக்
குறுக்கே வெட்டிப் போகிறது.
பால் கறப்பது ஒரு நாட்டில்,
சாணி அள்ளுவது இன்னொரு நாட்டில்.
டிராக்டருக்கென்று வரி குறைத்துத் தரும் டீசலை
யாரும் காருக்கு ஊற்றிவிடக் கூடாதென்று
அரசாங்கம் அதில் சாயம் கலக்கும்.
வடக்கே சிவப்பு, தெற்கே பச்சை.
மழை நாளிலும் சுங்கக்காரர்கள் வளைவில் நிற்பார்கள்;
டாங்குக்குள் நீளக் குழாய் விட்டு உறிஞ்சி
சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து
வானத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள்,
மூத்திரம் பார்க்கும் வைத்தியர் மாதிரி.

குட்டு உடைந்தால்
சாயம் வெளுத்துப் போச்சு என்போம்.
இங்கே சாயம் வெளுத்தால்தான்
குட்டு மறையும்.

எப்படி வெளுப்பது?
நான் பார்த்ததில்லை.
எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்:
இரவு, ஜன்னலில்லாத கொட்டகை, கந்தக அமிலம்,
பிறகு அந்த மணல்.
நிறத்தை மணல் குடித்துக்கொள்ளும்.
விடிந்ததும் தேன் நிறத்தில்
கல்லன் பங்குக்கு வந்து சேரும் டீசல்,
லிட்டருக்கு நாலு பென்ஸ் குறைவாக.

நானும் அங்கேதான் போட்டேன்.
பாதிரியாரும்.
கேட்காத கேள்விக்கு
நாலு பென்ஸ் தள்ளுபடி.

நவம்பரில் பாலத்தின் மேல் கார் நின்றது.
ஓர்லாவுக்குப் பத்து மணிக்கு ஆட்டம்;
கமோகி மட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு
"அம்மா, தள்ளட்டுமா?" என்றாள்.
ஃபீலிம் இஞ்செக்டர் பம்பைக் கழற்றி
செய்தித்தாளில் வைத்துக் காட்டினான்.
ரப்பர் வளையம் உப்பியிருந்தது.
உலோகத்தில் அம்மைத் தழும்பு.
"எண்ணூற்று அறுபது பவுண்ட்," என்றான்.
"எங்கே டீசல் போட்டாய் என்று கேட்க மாட்டேன்."

ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
நாலு நாலு பென்ஸாகச் சேர்த்து இதை ஈடுகட்ட
இருபத்தோராயிரத்து ஐந்நூறு லிட்டர்
நான் எரித்திருக்க வேண்டும்.
அந்தக் கார் அத்தனை குடித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை சந்தின் முனையில்
மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள், ஒன்று பிளந்து.
தாரும் சேறும் கலந்த ஏதோ ஒன்று
வேலிக்கடியில் ஊர்ந்து ஓடைப்பக்கம் போயிருந்தது.
வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள்.
பள்ளிப் பேருந்து நான்கு மைல் சுற்றிப் போனது.
டோனலி பசுக்களைத் தண்ணீருக்கு விடாமல்
வாளி வாளியாய்ச் சுமந்தான்,
இரண்டு நாடுகளுக்கும் குறுக்கே.

திங்கள் மதியம் சுங்க அதிகாரி கடைக்கு வந்தாள்.
ஹெதர் என்று அட்டையில் இருந்தது.
நனைந்த காலி மூட்டையொன்றை
கல்லாப்பெட்டி மேல் விரித்தாள்.
ஓரத்தில் என் விலைச்சீட்டு,
என் கையெழுத்தில் ஏழு.
என் ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு இருக்கும்.

"யார் வாங்கினார்கள்?"

கண்ணை மூடிய பூனைக்கு உலகம் இருண்டதாம்.
நான் கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன்:
"எங்கள் ஊரில் பூனைகள் அதிகம்."

அவள் சிரிக்கவில்லை.
மூட்டையை மடித்து எடுத்துக்கொண்டு
கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.
கல்லாவில் ஒரு கறுப்பு வட்டம்;
ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகவில்லை.
மேலே நாட்காட்டியை வைத்திருக்கிறேன்.

இன்று செவ்வாய்.
வேன் சத்தம் கேட்கும் முன்பே கிடங்குக்குப் போனேன்.
குளிரில் பசை இறுகியிருந்தது.
ஒவ்வொரு மூட்டையாய்ப் புரட்டி
விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்தேன்,
நாற்பதிலும்,
நகத்தால்.