ஏழு விரல் இலை

ஷார்ஜா, மூன்றாவது மாடி, இரவுப் பணி.
கனடாவிலிருந்து மின்னஞ்சல்:
வாழ்த்துகள் பெர்னதெத்,
மருத்துவக் கஞ்சாச் செவிலியர், முதல் நிலை.
சட்டையில் குத்திக்கொள்ள ஊசிப் பதக்கமும் உண்டாம்,
ஏழு விரல் இலை பொறித்தது.
முகவரி கேட்டிருந்தார்கள்.

இந்த ஊர் விமான நிலையத்தில்
இலையின் படத்தைக்கூட நாய் மோந்துவிடும்.
டொராண்டோ நாத்தனாரின் முகவரியைக் கொடுத்தேன்.

உரிமம் புதுப்பிக்கும் படிவத்தில்
'சிறப்புத் தகுதி' என்றொரு கட்டம்.
வலி என்று எழுதினேன்.
தெளிவாக இல்லையென்று
திரும்பி வந்தது.

மார்ஃபின் பதிவேட்டில்
இரண்டாம் கையெழுத்து விழும்வரை
பல்லைக் கடித்துக் கிடக்கிறார்
பதினொன்றாம் படுக்கை பலூச்சி ஓட்டுநர்.
ஊசி ஏறி, மூச்சு இறங்கியதும்
"சிஸ்டர் முகத்துல என்ன இன்னைக்கு?"
"பாஸாயிட்டேன்."
எதில் என்று கேட்கவில்லை.
தலைமாட்டுப் பேரீச்சையில்
பெரியதாய்ப் பார்த்து ஒன்றை நீட்டினார்.